மேல்வரிசையில் இடது பல்

இரண்டாவது சரணத்துக்குள் போய்க்கொண்டிருந்தபோது பல் ஆடியது. சாக்ஸபோன் வாசிப்பதை ஊரே உதட்டு வேலை என்று நினைக்கிறது; அது பல் வேலை. கீழுதடு, சத்தம் எழுப்புகிற ரீட் பட்டையைத் தாங்கும். மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் வாயில் வைக்கிற மவுத்பீஸின் மேல் உட்காரும். மிச்சமெல்லாம் அந்த இரண்டு பல்லை நம்பித்தான். ஆடியது இடது பல்.

முதலியார்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையும் பெண்ணும் பரிசுப் பொட்டலங்களை வாங்கி வாங்கிப் பின்னால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மேடைக்குக் கீழே, ஏர்கூலருக்கு முன்னால். பல் ஆடுகிறது என்பதற்காக நிறுத்த முடியாது. வாசிக்கும்போது யாரும் பார்ப்பதில்லை. நிறுத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கல்யாண மண்டபத்தில் பிழைக்கிறவர்களுக்கு, வீடியோ எடுக்கிறவரோ ரசம் ஊற்றுகிறவரோ, யாராக இருந்தாலும் இது தெரியும்.

ஆகவே நாக்கு நுனியால் பல்லை உள்ளிருந்து தாங்கிக்கொண்டு வாசித்தேன். ஸ்வரங்களை வெட்டிப் பிரிப்பது நாக்குதான். அது வேறு வேலைக்குப் போய்விட்டதால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இழுத்துக்கொண்டு வந்தன. குத்துப்பாட்டுதான், ஆனாலும் சோகமாக இருந்தது. பெண்ணின் பெரியப்பா எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

"தம்பி, நல்லாத்தான் வாசிக்கிற. ஆனா பொண்ணோட அம்மா அழுவுறாங்க. பந்தியில எல்லாரும் இன்னாச்சு இன்னாச்சுன்னு கேக்குறாங்க."

நாலு பேரும் ஒரு ஸ்வரமும்

வரவேற்பு, ஓட்டல், சென்னையில் ரெக்கார்டிங், இதெல்லாம் பிழைப்பு. சனிக்கிழமை மத்தியானங்களில் வேறொன்று இருந்தது. நாலு பேர். கீபோர்டு வாசிக்கும் பெலிக்ஸ், ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவன். மிருதங்கம் சீனு, அரியாங்குப்பத்துக்காரன், வார நாட்களில் சர்க்கார் ஆபீசில் கிளார்க். பேஸ் கிதார் பத்ரிஸ், பிரான்சிலிருந்து மூன்று மாசம் தங்க வந்து ஒன்பது வருஷமாகத் தங்கியிருப்பவன். நாலாவது ஆள் நான். பெலிக்ஸின் அக்கா ஸ்டெல்லா நடத்தும் தையல் கடைக்கு மேலே இருந்த அறையில் ஏழு வருஷமாக வாசித்துக்கொண்டிருந்தோம். எங்கள் இசைக்கு ஃப்யூஷன் என்று பெயர். ஜாஸ் கேட்கிறவர்கள் இது கர்நாடகம் என்றார்கள். கர்நாடகம் கேட்கிறவர்கள் இது ஜாஸ் என்றார்கள். தையல் கடையில் இருந்தவர்கள் எதுவும் சொல்லாமல் சன்னலை மூடினார்கள்.

பாண்டிச்சேரி என்ற ஊர்ப் பெயரை மாற்றிய அந்த வருஷம் எங்களுக்கும் ஒரு குறுந்தகடு போட வழி வந்தது. ஆறு பாட்டு, இன்னும் மூன்று மாசத்தில் ரெக்கார்டிங். கடைசிப் பாட்டு நான் எழுதியது. எட்டு நிமிஷம் ஓடி, சாக்ஸில் ஒரே ஒரு உச்ச ஸ்வரத்தில் மூன்று ஆவர்த்தனம் நின்று முடியும். என் சாக்ஸ் பழசு. அந்த ஸ்வரத்துக்கு அதில் சாவி கிடையாது. கடைசிச் சாவிக்கும் மேலே, தொண்டையை இறுக்கி, பல்லை மவுத்பீஸில் ஊன்றி, காற்றாலேயே எடுக்க வேண்டும். என் நாற்பத்து மூன்று வயதில் இது என்னுடையது என்று காட்ட இருந்தது அந்த ஒரு ஸ்வரம்தான். அதை எடுக்க ஆடாத பல் இரண்டு வேண்டும்.

பல் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. பெலிக்ஸின் கீபோர்டில் நூற்றுச் சொச்சம் சத்தங்களில் ஒன்றாக சாக்ஸபோனும் இருந்தது. அதற்குப் பல் தேவையில்லை. அந்தச் சனிக்கிழமை ஊன்றி வாசித்தேன். ஸ்வரம் வந்தது, பல்லும் கூடவே கொஞ்சம் வந்தது. கீழிருந்து ஸ்டெல்லா படியேறி வந்தாள்.

"அண்ணா, கடைசியில ஒரு சத்தம் போடுவீங்களே, அதுக்கு முன்னாடி ஒரு கொரல் குடுங்கண்ணா. ஊசி கையில ஏறிடுது."

பல் டாக்டர்

கதிர்காமம் போகும் வழியில் ஒரு பல் டாக்டர் அம்மா இருந்தார். ஒரு காதுகுத்து விசேஷம் முடித்து நேராகப் போனதால் சாக்ஸ் பெட்டி கையில் இருந்தது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். எலும்பு கரைந்துவிட்டது, ஈறு மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது, எடுத்துவிடுவது நல்லது என்றார். மூன்று மாசமாவது தாங்குமா என்று கேட்டேன். ஊதாமல் இருந்தால் ஒரு வருஷம். ஊதினால்? அப்படி என்ன ஊதுவீர்கள், காட்டுங்கள் என்றார்.

பெட்டியைத் திறந்து, நாற்காலியில் சாய்ந்தபடியே, ஒரு நீண்ட ஸ்வரத்தைக் கீழிருந்து மேலே கொண்டுபோய் நிறுத்திக் காட்டினேன். நாலு பக்கமும் டைல்ஸ் ஒட்டிய சின்ன அறை. சத்தம் நன்றாகவே எழுந்தது. டாக்டர் என் முகத்துக்கு மிக அருகில் குனிந்து, பல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, மூன்று மாசம் என்பது கடவுள் சித்தம் என்றார்.

நான் உள்ளே போனபோது வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். கதவைத் திறந்தபோது இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒரு அம்மா, கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தவர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டாக்டரிடம் கேட்டார்.

"ஏம்மா, அந்தாளுக்கு மரத்துப்போற ஊசி போட்டுட்டுப் புடுங்கியிருக்கலாம் இல்ல?"

ட்யூப்

பல் மவுத்பீஸில் நேராகப் படாமல் நடுவில் மெத்தென்று ஏதாவது இருந்தால் அதிர்வு குறையும். அதற்கென்றே மெல்லிய ரப்பர் வில்லைகள் விற்கிறார்கள். சென்னையில் விற்கிறார்கள். நான் எங்கள் தெருமுனையில் பஞ்சர் ஒட்டும் கடைக்குப் போனேன். பழைய சைக்கிள் ட்யூபில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி இதன் மேல் ஒட்டிக் கொடுங்கள் என்று மவுத்பீஸை நீட்டினேன்.

கடைக்காரர் அதை வாங்கி எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். ஒரு முனையில் விரலை வைத்து மூடிக்கொண்டு மறு முனையில் குமிழ் வருகிறதா என்று பார்த்தார். ஓட்டை இல்லையே சார் என்றார். ஓட்டை இல்லைதான், பல்லுக்காக என்றேன். அவர் அரத்தால் தேய்த்து, பசை தடவி, ஊதிக் காயவைத்து, சுத்தியலால் இரண்டு தட்டு மெதுவாகத் தட்டி ஒட்டிக் கொடுத்தார். நன்றாகவே ஒட்டினார்.

"மறுபடி காத்து எறங்கிச்சின்னா தூக்கிப் போட்டுடாத சார். இங்கயே எடுத்தாந்துடு, பாத்துக்கலாம்."

எண்பது வயசு

ரப்பர் வாசனையோடு, பிரான்சின் தேசிய தினமான ஜூலை பதினாலாம் தேதி முசியே லூர்துசாமி வீட்டுக்குப் போனேன். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அன்று எண்பது வயசு. பாரிசிலிருந்து வந்திருந்த மகன், கேக் வெட்டுவதற்கு முன்னால் பிரெஞ்சு தேசிய கீதம் வாசிக்க வேண்டும், அப்பாவுக்குச் சொல்லவில்லை, திடீரென்று ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அந்தக் கீதம் படியேறிக்கொண்டே போவது. படை நடத்திப் போகிற மெட்டு. பல்லை நினைத்து, ஏற வேண்டிய இடங்களில் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி வாசித்தேன். அழுத்த வேண்டிய இடங்களில் தடவினேன். பெரியவர் வெள்ளைக் கோட்டில் பதக்கங்களோடு எழுந்து, கையை நெற்றிக்குக் கொண்டுபோய் விறைத்து நின்றார். மகன் நின்றார். மருமகள் நின்றார். கேக் கொண்டுவந்த கடைக்காரரும் நின்றார். முடிந்ததும் பெரியவர் என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெர்சி, தம்பி. மூணு தேசத்துல இத நின்னுகிட்டுக் கேட்டிருக்கேன். உக்காந்துகிட்டுக் கேக்கலாம் போல இருந்தது இன்னைக்குத்தான்."

ரீட்

ஆகஸ்டில் சனிக்கிழமைகளில் உச்ச ஸ்வரம் மூன்றுக்கு ஒரு தடவைதான் வந்தது. வராத தடவைகளில் நான் மவுத்பீஸைக் கழற்றி, ரீடை வெளிச்சத்தில் பார்த்து, உதட்டைப் பிதுக்கினேன். மூங்கில் மாதிரி ஒரு நாணலில் செய்த மெல்லிய பட்டை அது. இந்த ஊர்க் காற்றின் ஈரத்தில் ஊறிப்போய்விடுகிறது என்று சொன்னேன். சாக்ஸ் வாசிக்கிறவர்கள் எல்லாத் தப்பையும் ரீடின் மேல் போடுவார்கள். ரீட் திருப்பிப் பேசாது.

பத்ரிஸ் இதை நம்பினான். நல்ல மனுஷன். பிரான்சிலிருந்த தங்கைக்குப் போன் செய்து ஒரு பெட்டி ரீட் அனுப்பச் சொல்லியிருக்கிறான். சும்மா ரீட் இல்லை. நான் வாசிப்பது இரண்டரை எண். ஈரத்தைத் தாங்கட்டும் என்று மூன்றரை எண் சொல்லியிருக்கிறான். எண் ஏற ஏற ரீட் கெட்டி. ரீட் கெட்டியானால் பல்லை இன்னும் ஊன்ற வேண்டும். பொய் சொல்வதில் எனக்கு அனுபவம் போதாது என்பது அப்போது தெரிந்தது. நாலு பேருக்கு முன்னால் அந்தப் பெட்டியைப் பிரித்து, ஒன்றை எடுத்து, நாக்கில் நனைத்து, மாட்டி, கண்ணில் தண்ணீர் வர வாசித்தேன். பத்ரிஸ் தமிழைப் புத்தகத்தில் படித்தவன்.

"உங்கள் கண்ணீரைப் பார்த்து எனக்கும் மகிழ்ச்சி, ரவி. என் தங்கைக்கு எழுதுகிறேன்."

முறுக்கு

ஸ்டெல்லா கடையில் டீயோடு முறுக்கு வரும். ஏழு வருஷமாக முதல் முறுக்கை எடுக்கிறவன் நான். இப்போது டீயில் முக்கி, ஊறவைத்து, ஓரத்துக் கடைவாயில் அதக்கிக்கொண்டிருந்தேன். சீனு பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் தாளக்காரன், எதிரே இருப்பவன் வாய் எப்போது திறக்கிறது எப்போது மூடுகிறது என்று எண்ணிப் பழகியவன். பெலிக்ஸ் டம்ளரைக் கழுவப் போனபோது என் பக்கமாகச் சாய்ந்தான்.

"இன்னாடா, நாலாவது வாரமா முறுக்கக் குளிப்பாட்டி சாப்புட்ற. ஒனக்குப் பல்லு மொளைக்குதா, கொட்டுதா?"

சிமெண்ட்

சென்னையிலிருந்து கூப்பிட்டார்கள். வடபழனியில் ஒரு ஸ்டூடியோ. சிமெண்ட் விளம்பரம். சிமெண்ட்டுக்கு எதற்கு சாக்ஸபோன் என்று நான் கேட்கவில்லை. கேட்கிறவர்களை மறுபடி கூப்பிடுவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் பஸ்ஸில், மேலுதட்டைப் பல்லுக்கு மேல் மடித்து மடித்துப் பழகிக்கொண்டே போனேன். பல் படாமல் இரண்டு உதட்டாலும் மவுத்பீஸைக் கவ்வி வாசிக்கிற முறை ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் சிலர் அப்படி வாசித்தார்களாம். உதடு காய்ப்பதற்கு ஆறு மாசம் ஆகும். எனக்கு வடபழனி வரை நேரம் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் நடுவழியில் வேறு இடம் பார்த்து மாறி உட்கார்ந்தார்.

வாசித்தது வழவழவென்று வந்தது. கரகரப்பு இல்லை, கூர் இல்லை. உதட்டின் உள்பக்கம் ரத்தம் கசிந்தது. கண்ணாடிக்கு அப்பாலிருந்த சவுண்டு என்ஜினியர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சார், அப்படியே கீபோர்டு மாதிரி இருக்கு என்றார். பாராட்டுதான். அடுத்த வாரம் அதே இடத்திலிருந்து போன் வந்தது. பாண்டிச்சேரியில் கீபோர்டு வாசிக்கிற உங்க நண்பர் நம்பர் வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். கொடுக்காவிட்டால் ஏன் கொடுக்கவில்லை என்று விளக்க வேண்டும்.

பெலிக்ஸ் போய்விட்டு வந்து சனிக்கிழமை என்னிடம் சொன்னான். மறைக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

"டைல்ஸ் விளம்பரம்ணா. சாக்ஸ் பீஸ்தான். பத்து நிமிஷத்துல முடிஞ்சிருச்சு, மூச்சே வாங்கல."

இட்லி

ரெக்கார்டிங்குக்கு நாலு நாள் இருந்தபோது பல் விழுந்தது. மூன்றரை எண் ரீடில் விழவில்லை, உச்ச ஸ்வரத்தில் விழவில்லை. காலையில் வீட்டில், இட்லியில் விழுந்தது. வாயில் ஏதோ நெருடியது, எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். வலி இல்லை. மூன்று மாசம் நாக்காலும் ரப்பராலும் உதட்டாலும் தாங்கிய பொருள், சட்னிக்குப் பக்கத்தில் சின்னதாகக் கிடந்தது. என் மனைவி மல்லிகா அடுத்த ஈட்டோடு வந்தவள் தட்டைப் பார்த்தாள். பிறகு என் வாயைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த இட்லியை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"அவ்ளோ கெட்டியாவா இருக்குது?"

கழற்றி மாட்டுவது

டாக்டர் அம்மா என்னை மறக்கவில்லை. சாக்ஸ் பெட்டி கொண்டுவரவில்லையே என்று முதலில் உறுதிசெய்துகொண்டார். இரண்டு நாளில் ஒரு பிளாஸ்டிக் பல் செய்து, அண்ணத்தில் ஒட்டி நிற்கும் சின்ன தகடோடு மாட்டிவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். மற்ற பற்களைவிட வெள்ளையாக இருந்தது. வீட்டுக்கு வந்து சாக்ஸை எடுத்து ஒரு மூச்சு ஊதினேன். தகடு கழன்று நாக்கின் மேல் விழுந்தது. பசை வைத்து ஊதினேன். மவுத்பீஸ் பட்டதும் பல் ஒரு பக்கமும் தகடு ஒரு பக்கமும் திரும்பிக்கொண்டன. மறுபடி போனேன். ரெக்கார்டிங் நாளை மறுநாள் என்றேன். தகட்டை வாங்கித் துடைத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"சிரிக்கலாம், பேசலாம், கல்யாண போட்டோவுக்கு நிக்கலாம். நான் அதுக்குத்தான் குடுத்தேன்."

ஆறாவது பாட்டு

ஸ்டூடியோ ஊருக்குள்ளேயே ஒரு வீட்டின் பின்கட்டில் இருந்தது. சுவர் முழுக்க மெத்தை அடித்திருந்தார்கள். நாலு பேரும் ஒரே அறையில் ஒன்றாக வாசிக்க, கண்ணாடிக்கு அப்பால் ஒரு என்ஜினியர் பதிவு செய்வார். எங்களுக்கு இரண்டு நாள் கொடுத்திருந்தார்கள். நான் காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை. கலைஞனுக்கு அப்படி ஒரு மனநிலை வரும் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தகட்டைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, பெட்டிக்குள் வைத்தேன். மேலுதட்டை மடித்து, மிச்சமிருந்த ஒற்றைப் பல்லுக்கு மெத்தை போட்டுக்கொண்டேன். முதல் நாள் ஐந்து பாட்டு முடிந்தது. எதிலும் கடைசிச் சாவிக்கு மேலே போகிற வேலை இல்லை.

இரண்டாம் நாள் என் பாட்டு. முதல் தடவை எட்டு நிமிஷமும் நன்றாகப் போய், கடைசியில் ஸ்வரம் வர வேண்டிய இடத்தில் வெறும் காற்று வந்தது. இரண்டாவது தடவை ஸ்வரம் வந்தது. ஒரு ஆவர்த்தனம் நின்றது, பிறகு விழுந்தது. மூன்றாவது தடவை வந்ததை ஸ்வரம் என்று சொல்ல மாட்டேன். நாலாவது தடவையும் அதுவே. பத்ரிஸ் தரையில் சுருண்டு கிடந்த ஒயரைக் காலால் நேராக்கிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கியில் என்ஜினியரின் குரல் வந்தது. நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டார். சார், கடைசி ஸ்வரம் மட்டும் கீபோர்டுல வச்சிக்கலாமா, அவர்கிட்ட சாக்ஸ் சவுண்டு இருக்குது, கேக்குறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது என்றார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன்.

கொல்லையில் ஒரு குழாய் இருந்தது. வாயைக் கொப்பளித்தேன். சிவப்பாக வந்தது. ஒரு வழி இருக்கத்தான் இருந்தது. பாட்டு இரண்டு கட்டைச் சுருதியில் இருக்கிறது. சுருதியை அரைக் கட்டை இறக்கினால் அந்த உச்ச ஸ்வரமும் அரைக் கட்டை இறங்கி, சாவி உள்ள இடத்துக்கு வந்துவிடும். சாவியை அமுக்கினால் ஒற்றைப் பல்லோடும் ஊதலாம். ஆனால் எனக்குக் குரல் ஏறவில்லை, சுருதியை இறக்குங்கள் என்று கேட்பது பாட்டுக்காரர்கள் வழக்கம். அதுவும் வயசான பாட்டுக்காரர்கள். சாக்ஸ்காரன் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் ஏன் என்பார்கள். வாயைத் திறந்து காட்ட வேண்டும். இத்தனை வாரமாக ஈரக் காற்று, ஊறிய ரீட் என்று சொன்ன வாய். பெலிக்ஸையே அந்த ஸ்வரத்தை வாசிக்கச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பெலிக்ஸின் விரல் கீபோர்டின் மேல் ஓரத்துப் பொத்தான்களில் இருந்தது. சாக்ஸ் சத்தத்தைத் தேடுகிறான், நான் சொல்ல வேண்டிய வேலைகூட இல்லை என்று நினைத்தேன். ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, பாட்டின் முதல் ஸ்வரத்தை மெதுவாகத் தொட்டான். பியானோ சத்தம்தான் வந்தது. விரல் வழக்கமான சாவியில்தான் இருந்தது. காதில் விழுந்தது அரைக் கட்டை கீழே. பத்ரிஸ் கிதாரின் கழுத்தில் இடது கையை ஒரு கட்டம் பின்னால் தள்ளி, நரம்பை ஒரு தரம் சுண்டிப் பார்த்தான். பெலிக்ஸ் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஆரம்பித்தான். என்னை யாரும் பார்க்கவில்லை. நான் சாக்ஸை மாட்டிக்கொண்டு, இனிமேல் எந்த விரல் எங்கே போக வேண்டும் என்று சத்தமில்லாமல் சாவிகளை அமுக்கிப் பார்த்துக்கொண்டேன். சீனு, காலையில் அரியாங்குப்பம் பாலத்தில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டதைப் பற்றிக் கண்ணாடிக்கு அப்பாலிருந்த என்ஜினியரிடம் பலமாகப் புகார் சொல்லிக்கொண்டே, மிருதங்கத்தை மடியில் திருப்பி வைத்து, வலந்தலையின் விளிம்பை அடியிலிருந்து மேலாகக் கல்லால் தட்டித் தட்டிச் சுருதியை இறக்கிக்கொண்டிருந்தான்.